கொன்றவன் பெயர் இல்லாத நடுகல்

2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் தேனி மாவட்டத்தில், வைகைக் கரையிலிருக்கும் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்துப் பொறித்த அந்தக் கற்களுக்கு வயது 2000 ஆண்டுகளுக்கும் மேல். அவற்றில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்துபோன அந்தவன் என்பவனுக்காக நட்டது. அவன் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எதற்காகச் செத்தான் என்பது இருக்கிறது. யார் கையால் செத்தான் என்பது மட்டும் இல்லை. கல் வெட்டியவனுக்கு அது தேவைப்படவில்லை.

ஜெயமங்கலத்திலிருந்து எழுதுகிற எனக்கு, பாடகர்கள் கொல்லப்பட்ட வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் படம் போட்ட பனியனோடு நிற்கும் பையனிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் எப்படிச் சுடப்பட்டார், எந்தக் காரில் இருந்தார், யார் மேல் சந்தேகம் என்று மூச்சு விடாமல் சொல்வான். அவர் பாட்டில் என்ன சொன்னார் என்று கேட்டால் தயங்குவான். அந்தவனின் கல்லுக்கு நேர் எதிரான ஒரு கல்லை நம் காலம் நட்டிருக்கிறது. கொன்றவன் யார் என்ற கேள்வியே அதில் முழுக்கப் பொறிக்கப்பட்டிருக்கிறது. செத்தவன் வாழ்நாளில் செய்தது ஓரத்தில் தேய்ந்துபோயிருக்கிறது.

துப்புத் துலங்காத கொலை ஒரு பாடகனை இரண்டு முறை கொல்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. முதல் முறை உடம்பு போகிறது. இரண்டாம் முறை அவன் சாவே அவனுடைய பெரிய படைப்பாக மாறி, மற்றப் பாட்டுகளை விழுங்கிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, இதிலிருந்து மீண்ட இடங்கள் உண்டா என்று பஞ்சாபிலிருந்து நியூயார்க் வரை, நம் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்து வரை பார்க்கலாம்.

மேசம்பூரில் நான்கு உடல்கள்

ராப் என்ற பெயர் பஞ்சாபுக்கு வருவதற்கு முன்பே, அதற்கு நெருங்கிய ஒரு கலை அங்கே இருந்தது. அமர் சிங் சம்கீலா 1960இல் லூதியானாவை ஒட்டிய துக்ரியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் தனி ராம். துணி மில்லில் வேலை பார்த்தவர், தும்பி வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மேடையேறினார். கள்ளக்காதல், குடி, போதை, கிராமத்து வீட்டுக்குள் நடக்கும் ரகசியம் என்று யாரும் மேடையில் பேசாததைக் கொச்சையோடு பாடினார். அமர்ஜோத் கவுர் எதிர்ப்பாட்டுப் பாடினார். கேசட்டுகள் விற்றுத் தீர்ந்தன. தீவிரவாதம் உச்சத்தில் இருந்த காலம் அது. இப்படிப் பாடக்கூடாது என்று மிரட்டல் வந்தது. அவர் பக்திப் பாடல்களையும் பதிவு செய்து வெளியிட்டார். ஆனால் கூட்டம் கேட்டது பழைய பாட்டைத்தான்.

1988 மார்ச் 8ஆம் தேதி மதியம், ஜலந்தர் மாவட்டம் மேசம்பூரில் ஒரு நிகழ்ச்சிக்காக வந்து காரிலிருந்து இறங்கும்போது, பைக்கில் வந்தவர்கள் சுட்டார்கள். சம்கீலாவுக்கு 27 வயது. மனைவி அமர்ஜோத்தும், குழுவைச் சேர்ந்த ஹர்ஜித் சிங் கில், பல்தேவ் சிங் தேபு ஆகியோரும் அதே இடத்தில் இறந்தார்கள். பதினைந்து நாள் கழித்து, மார்ச் 23 அன்று, அதே வட்டாரத்தைச் சேர்ந்த கவிஞர் பாஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டுக்கும் கவிதைக்கும் ஒரே மாதத்தில் விழுந்த அடி அது.

சம்கீலா வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. தீவிரவாதிகள் என்றார்கள். தொழிலில் பொறாமை கொண்டவர்கள் என்றார்கள். அமர்ஜோத்தின் சாதிக்கு வெளியே நடந்த திருமணம் என்றார்கள். மூன்று காரணங்களும் இன்றுவரை ஊர் வாயில் இருக்கின்றன. 2018இல் 'மேசம்பூர்' என்ற படம் வந்தது; 2024இல் இம்தியாஸ் அலி இயக்கத்தில், நம் ஏ.ஆர். ரகுமான் இசையில், 'அமர் சிங் சம்கீலா' வந்து நாடெங்கும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது. முதல் படத்துக்குப் பெயரே அவர் சாய்ந்த ஊர்தான். இரண்டாவது படமும் அந்த மார்ச் மாத மதியத்தில்தான் தொடங்குகிறது. அமர்ஜோத் தனித்துப் பேசப்பட வேண்டிய பாடகி. கணவருக்குச் சமமாக நின்று அவரை மடக்கிப் பாடிய குரல் அது. அந்தக் குரலைப் பற்றி எழுதியவர்களைவிட அந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். ஹர்ஜித்தையும் பல்தேவையும் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு நகரங்கள், ஆறு மாதங்கள்

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். வேலையில்லாத, கைவிடப்பட்ட கறுப்பின மக்களின் தெருவில் பிறந்த கலை அது. அந்தத் தெருவில் துப்பாக்கியும் இருந்தது. ஆகவே இந்தக் கலையின் கதையில் கொலை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றாக இல்லை. அதே வீட்டில் பக்கத்து அறையில் இருந்தது.

1996 செப்டம்பர் 7 இரவு, லாஸ் வேகாஸில் மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய டூபாக்கின் கார் சிக்னலில் நின்றபோது, வெள்ளை நிறக் காடிலாக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சுடப்பட்ட டூபாக் ஆறு நாள் போராடி 13ஆம் தேதி இறந்தார். வயது 25. ஆறு மாதம் கழித்து, 1997 மார்ச் 9 அதிகாலையில், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விருந்து முடிந்து திரும்பிய ராப்பர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. அதே பாணியில் சுடப்பட்டு இறந்தார். வயது 24. இருவரும் ஒரு காலத்தில் நண்பர்கள். மேற்குக் கரை, கிழக்குக் கரை என்று கம்பெனிகளும் பத்திரிகைகளும் ஊதி வளர்த்த பகையில் எதிரெதிரே நின்றவர்கள்.

டூபாக் வழக்கில் 27 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்றுதான் டுவேன் டேவிஸ் என்பவர் கைதானார். அந்தக் காரில் தானும் இருந்ததாக அவரே புத்தகத்திலும் பேட்டிகளிலும் சொன்னதுதான் போலீசுக்குக் கிடைத்த முக்கியமான பிடி. நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். பி.ஐ.ஜி. வழக்கு இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் சிலருக்கே கொலையில் தொடர்பு உண்டு என்று குற்றம் சாட்டி, அவர் தாய் வொலெட்டா வாலஸ் உள்ளிட்ட குடும்பத்தார் நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2005இல் விசாரணை நடக்கும்போதே, போலீஸ் தரப்பு ஆவணங்களை மறைத்து வைத்திருந்தது வெளிவந்து, விசாரணையே செல்லாது என்றானது. நகர நிர்வாகம் 11 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். கொலையாளி யாரென்று மட்டும் தெரியவரவில்லை. வொலெட்டா 2025இல் மறைந்தார். மகன் வழக்கில் ஒரு தீர்ப்பைக் கேட்காமலே போனார்.

இவர்களுக்கு முன்னும் பின்னும் நீளும் வரிசை பெரிது. டூபாக்கோடு பாடிய ஸ்ட்ரெட்ச் 1995 நவம்பரில் கொல்லப்பட்டார். ஹார்லெமில் வார்த்தை அடுக்குவதில் மன்னன் என்று பெயரெடுத்த பிக் எல், 1999 பிப்ரவரியில் தான் வளர்ந்த தெருவிலேயே 24 வயதில் சுடப்பட்டார். கைதானவர் சாட்சியில்லாமல் வெளியே வந்தார். கலிபோர்னியாவின் மேக் டிரே 2004இல் கான்சாஸ் சிட்டியில் செத்தார். இந்த வழக்குகளில் எவரும் தண்டனை பெறவில்லை.

தெரிந்தவர்கள் பேசாத கொலை

'துப்புத் துலங்காத' என்று சொல்கிறோம். பல வழக்குகளில் யாருக்கும் தெரியாது என்பது அதன் பொருள் ஆகாது. ரன்-டிஎம்சி குழுவின் ஜாம் மாஸ்டர் ஜே 2002 அக்டோபர் 30 அன்று குவீன்ஸில் தன் ஸ்டூடியோவுக்குள்ளேயே சுடப்பட்டார். அறையில் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் குற்றச்சாட்டு பதிவாக 2020 வரை ஆனது. 2024 பிப்ரவரியில் இருவரைக் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது; அதற்குப் பிறகும் சட்டச் சண்டை ஓயவில்லை. பார்த்தவர்கள் பதினெட்டு ஆண்டு வாய் திறக்காமல் இருந்ததற்கு விசாரணையில் அவர்களே சொன்ன காரணம், பயம்.

பயத்துக்கு இரண்டு முகம். கொன்றவன் நாளை நம் வாசலுக்கு வருவான் என்பது ஒன்று. போலீஸ் நம்மைக் காப்பாற்றாது என்பது இன்னொன்று. தன் பிள்ளைகளைக் காரணமில்லாமல் நிறுத்திச் சோதனை போடும் போலீசிடம் எந்தத் தெரு மனம் திறந்து பேசும்? காட்டிக்கொடுப்பவன் ஈனன் என்ற சட்டம் அமெரிக்கத் தெருக்களில் எழுதாமலே நடப்பில் இருக்கிறது. ராப் பாட்டுகளே அதை வேதம்போல ஓதியிருக்கின்றன. பாடகனுக்கு அந்தச் சட்டம் பெருமை. அவன் சுடப்பட்டு விழும்போது அதே சட்டம் அவன் வழக்கையும் மூடிவிடுகிறது. அமெரிக்காவில் 1960களில் பத்தில் ஒன்பது கொலை வழக்குகளில் ஆள் பிடிபட்டார்கள். 2020களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. செத்தவர் ஏழை, கறுப்பர் என்றால் நிலைமை இன்னும் கீழே.

நமக்கு இது அந்நியமாகப் படவில்லை. 'நமக்கெதுக்குப் பொல்லாப்பு' என்ற சொல் வைகைக் கரையில் எத்தனை வழக்குகளைப் புதைத்திருக்கிறது! ஸ்டேஷனில் பார்த்ததைச் சொன்னவர் கோர்ட்டுக் கூண்டில் ஏறி 'பார்க்கவில்லை' என்பதும், பிறழ் சாட்சி என்று எழுதி வழக்கு முடிவதும் நம் ஊர்க்காரர்கள் அறியாததா? பாட்டிலும் படத்திலும் பழிவாங்குவதை வீரம் என்று கைதட்டும் ஊர், சாட்சி சொல்வதை வீரமாக எண்ணுவதில்லை. குறை அங்கேதான் தொடங்குகிறது.

செத்த பிறகு பாடும் குரல்

தீர்ப்பு வராத இடத்தை முதலில் நிரப்புவது வணிகம். பி.ஐ.ஜி. இறந்த பதினாறாம் நாள் அவருடைய இரண்டாவது ஆல்பம் வெளிவந்தது. அதன் பெயரே மரணத்துக்குப் பின் வாழ்வு என்று பொருள்படும். டூபாக் உயிரோடு இருந்தபோது தனித்து வெளியிட்டவை நான்கு ஆல்பங்கள். இறந்த பின் வந்தவை அதைவிட அதிகம். அரைகுறையாக விட்டுச்சென்ற பதிவுகளில் புதிய தாளம் சேர்த்து, அவர் சந்தித்தே இராத பாடகர்களையும் சேர்த்து வெளியிட்டார்கள். 2012 ஏப்ரலில் கோச்செல்லா விழா மேடையில் ஒளியால் அவர் உருவத்தை எழுப்பிப் பாடவும் வைத்தார்கள். ஒருவன் தன் பாட்டை எப்போது வெளியிடுவது, எதைக் கிழித்துப் போடுவது என்று முடிவெடுக்கும் உரிமைதான் கலைஞனின் அடிப்படை உரிமை. அது அவனோடு புதைந்துபோகிறது.

இந்தக் கதை இந்தியாவுக்குள் முழு உருவில் வந்தது 2022இல். பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூஸேவாலா, மான்சா மாவட்டம் மூஸா கிராமத்துப் பிள்ளை. கனடா போய்ப் பாடிப் பெயரெடுத்து, ஊருக்கே திரும்பிவந்து குடியிருந்தவர். டூபாக்கை மனசில் வைத்திருந்தவர்; டூபாக் சுடப்பட்ட காரின் படத்தை முகப்பில் போட்டு, கடைசிப் பயணம் என்று பொருள்படும் 'தி லாஸ்ட் ரைடு' பாட்டை 2022 மே மாதம் வெளியிட்டார். மே 28 அன்று பஞ்சாப் அரசு 424 பேருக்கான போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது. அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. மறுநாள் ஜவாஹர்கே கிராமத்தில் அவர் வண்டியை மறித்துச் சுட்டார்கள். வயது 28.

இது துப்புத் துலங்காத கொலை இல்லை. கனடாவிலிருந்த தாதா கோல்டி பிரார் ஃபேஸ்புக்கில் பொறுப்பேற்றார். திகார் சிறையிலிருந்த கும்பல் தலைவர் லாரன்ஸ் பிஷ்ணோய் மீது சதிக் குற்றச்சாட்டு. யார் என்று உரக்கச் சொல்லியும் நீதி நகர மறுக்கிறது என்பதுதான் இதில் புதிது. கொலையை ஒளித்த காலம் போய், அதை விளம்பரமாகப் போடும் காலம் வந்திருக்கிறது. அவர் இறந்து ஒரு மாதத்துக்குள் நதிநீர்ப் பங்கீடு பற்றிய 'எஸ்ஒய்எல்' பாட்டு வெளியானது. இந்தியாவில் யூடியூபிலிருந்து அது சில நாளில் நீக்கப்பட்டது. இந்தப் பாட்டு செத்தவனை அரசியலாக்கியது, 'தி லாஸ்ட் ரைடு' அவனைத் தீர்க்கதரிசி ஆக்கியது. 2025இல் பிபிசி எடுத்த ஆவணப்படத்தைத் தடுக்க அவர் தந்தை பல்கவுர் சிங் நீதிமன்றம் போனார். பிள்ளையின் சாவு யாருடைய கதை என்ற கேள்வியை அந்தத் தகப்பனைவிட நேராக யாரும் கேட்டுவிட முடியாது.

நம் சந்தையில் விற்ற கொலை

கொலையைப் பாட்டாக்கி விற்பதை அமெரிக்காவிடமிருந்து நாம் கற்கவில்லை. போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் ரயில்களிலும் கொலைச்சிந்து விற்றது. எங்காவது ஒரு கொலை நடந்தால், சில நாளில் அதைச் சிந்தாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, ஆள் கூடும் இடத்தில் பாடிக் காட்டிக் காலணா, அரையணாவுக்குக் கொடுத்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்த உலகத்தை நமக்கு மீட்டுத் தந்திருக்கிறார். பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் செய்தி. கோர்ட்டில் தீர்ப்பு வருமுன்பே சிந்து தீர்ப்பைச் சொல்லிவிடும்.

அதற்கும் முந்தியது கொலையுண்டவர் தெய்வமாகும் மரபு. மதுரைவீரனும் காத்தவராயனும் முத்துப்பட்டனும் அப்படிக் கோயில் கொண்டவர்கள். அநியாயமாகச் செத்தவன் அமைதியடைய மாட்டான், அவனுக்குப் பாட்டும் படையலும் கொடுத்து ஆற்ற வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. நா. வானமாமலை தொகுத்த கதைப்பாடல்களில் இதன் வலியைக் கேட்கலாம். சாதி காரணமாகவும் அதிகாரம் காரணமாகவும் நடந்த கொலைகளில் தீர்ப்புச் சொல்ல எந்த அவையும் முன்வராதபோது, ஊர் தன் குற்றவுணர்வைக் கோயிலாகக் கட்டியது. ஆனால் வில்லுப்பாட்டில் வீரனின் சாவு ஒரு கட்டம் மட்டுமே. அவன் பிறப்பு, காதல், தொழில், சொன்ன சொல் எல்லாம் இரவு முழுக்க விரியும். சாவை மட்டும் பாடிவிட்டு எந்த வில்லிசைக்காரரும் மேடையைவிட்டு இறங்குவதில்லை.

துலங்காத கொலை பாடகனை விழுங்கியதற்குத் தமிழில் ஒரு பெரிய சான்று உண்டு. அதில் பாடகர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 'இந்து நேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அந்த 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. வெளியே வந்த பாகவதருக்கு அந்தக் காலம் திரும்பவே இல்லை. 1959இல் மறைந்தார். கொன்றது யார் என்பது இன்றும் தெரியாது. தீர்வு காணாத வழக்கு செத்தவனோடு நிற்பதில்லை. உயிரோடிருப்பவனின் தொண்டையையும் நெரித்துவிடும்.

வேறு வழி போனவர்கள்

இதிலிருந்து மீண்டு வந்த இடங்கள் உண்டு. அதில் முதல் இடம் ஹிப்-ஹாப்பின் முதல் பெரிய சாவிலேயே இருக்கிறது. ஸ்காட் லா ராக், வீடற்றோர் விடுதி ஒன்றில் ஆலோசகராக வேலை பார்த்தவர். அங்கே தங்கியிருந்த ஓர் இளைஞனோடு சேர்ந்து குழு தொடங்கினார். அந்த இளைஞன்தான் கேஆர்எஸ்-ஒன். இருவரும் துப்பாக்கியோடு அட்டையில் நின்ற ஆல்பம் 1987இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குழுவிலிருந்த ஒரு பையனுக்கு நேர்ந்த தகராறைச் சமாதானம் பேசித் தீர்க்கப் போன ஸ்காட் பிராங்ஸில் சுடப்பட்டார். வயது 25. வழக்கில் நின்ற இருவரும் விடுதலையானார்கள்.

கேஆர்எஸ்-ஒன்னுக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. பழியைப் பாட்டாக்கி விற்றிருக்கலாம். கேட்கக் காது காத்திருந்தது. அவர் வன்முறையை நிறுத்துங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். நியூயார்க்கின் பெரிய ராப்பர்கள் பலரைச் சேர்த்து 1989இல் 'செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' பாட்டைக் கொண்டுவந்தார். வருமானம் கறுப்பின மக்களுக்காக உழைக்கும் தேசிய அமைப்புக்குப் போனது. கொன்றவன் யாரென்று தெரியாமலே, நண்பன் எதைச் செய்யப் போய்ச் செத்தானோ அதையே தொடர்ந்தார். சமாதானம் பேசப் போனவனுக்கு அதைவிடப் பொருத்தமான கல் இல்லை.

இரண்டாவது இடம் கிரேக்கம். பாசிசத்துக்கு எதிராகப் பாடிய ராப்பர் பாவ்லோஸ் ஃபிசாஸ் 2013 செப்டம்பரில் கோல்டன் டான் என்ற நவநாஜிக் கட்சிக்காரனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவன் அங்கேயே பிடிபட்டான். அவனைத் தண்டித்ததோடு வழக்கை முடித்திருக்க முடியும். அவர் தாய் மக்தா ஐந்தரை ஆண்டு நீண்ட விசாரணைக்கு விடாமல் போய் உட்கார்ந்தார். 2020 அக்டோபர் 7 அன்று அந்தக் கட்சியே குற்றக் கும்பல் என்று ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொன்றவனின் முழுப்பெயரும் எழுதப்பட்டுவிட்டதால், ஃபிசாஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் வதந்தியில் நேரம் போக்க வேண்டியதில்லை. அவர் எதை எதிர்த்துப் பாடினார் என்பதை நேராகப் பேசலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்குகிறது. தீர்ப்புக் கிடைப்பது குடும்பத்துக்கு உரிய நீதி மட்டும் இல்லை, பாட்டுக்கும் உரிய நீதி. தீர்ப்புக் கிடைக்காத இடத்தில், பாட்டை அந்தச் சாவிடமிருந்து மீட்டுக் காப்பது நம் வேலையாகிறது.

இங்கே, இப்போது

தமிழில் ராப் இன்று வேர் பிடித்த கலை. மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வழி திறந்தார்கள். 2018இல் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவும், அதிலிருந்து வந்த ராப்பர் அறிவும் தாத்தன் பாட்டியின் மண்ணை, சாதியை, ஒப்பாரியைத் தாளத்துக்குள் கொண்டுவந்தார்கள். இவர்களின் பலம் வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்வதில் இருக்கிறது.

ஆனால் அதே போனில் இன்னொன்றும் ஓடுகிறது. வெட்டுப்பட்டுச் செத்தவரின் நினைவுநாளுக்கு ஃப்ளெக்ஸ் வைத்து, அரிவாள் படத்துக்குப் பின்னணியாக ராப் தாளம் போட்டு, பழிக்குப் பழி என்று எழுதி இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள். அதைப் போடுகிறவன் பதினேழு வயதுப் பையன். செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாருக்கு உதவினார், பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்பது அந்த முப்பது விநாடியில் இருக்காது. டூபாக்குக்கு அமெரிக்கா செய்ததை நாம் பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். அடுத்த கொலைக்கான காரணம் அந்த முப்பது விநாடிக்குள் பொதிந்திருக்கிறது.

டூபாக்கைப் பற்றிக் கேட்கும் பையன்களிடம் 'டியர் மம்மா' பாட்டைக் கேட்கச் சொல்கிறேன். போதைக்கு அடிமையாகியும் தன்னை வளர்த்து ஆளாக்கிய தாய் அஃபெனிக்கு அவர் 1995இல் பாடியது. 2010இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் நாட்டின் நிரந்தரப் பதிவுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதில் ஒரு மகன் இருக்கிறான். துப்பாக்கி தூக்கிச் சுட வந்தவனுக்கு அதில் இடமில்லை. சம்கீலாவைக் கேட்பவர்களிடம், அமர்ஜோத் குரல் எந்த இடத்தில் அவரை மடக்குகிறது என்று கவனிக்கச் சொல்கிறேன். தாளத்தைப் பிடித்திருக்கும் கை பல்தேவுடையதாக இருக்கலாம், அதையும் கேட்கச் சொல்கிறேன்.

புலிமான்கோம்பைக் கல்லை வெட்டியவனுக்கும் கோபம் இருந்திருக்கும். உளியைக் கையில் வைத்துக்கொண்டு, இடம் இவ்வளவுதான் என்று தெரிந்து, எந்தப் பெயரை எழுதுவது என்று யோசித்திருப்பான். அந்தவன் என்று எழுதினான். 2000 ஆண்டு கழித்தும் நாம் படிப்பது அந்தப் பெயரைத்தான்.